முன்பக்கம் தாழ்ந்த வீடு

ஃபிஃப்த் வீல் டிரெய்லரை மட்டப்படுத்துவதற்கு ஒரு முறை உண்டு. யாரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வேன். சான் ரமோனில் எங்களோடு காலைநடை வரும் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறார். பிக்கப் டிரக்கின் முதுகில் கழுத்தை வைத்துக்கொண்டு பின்னால் வருமே, அந்த வகை வீட்டுவண்டி. வாரக் கடைசியில் மனைவியோடு மலைப்பக்கம் போகிறார், சரிந்த படுக்கையில் தூங்குகிறார், திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் வருகிறார்.

அவருக்கு நான் சொன்னேன். முதலில் இடது வலது பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் பலகை போட்டு, டிரக்கால் மெல்ல இழுத்து அதன் மேல் ஏற்ற வேண்டும். பிறகு சக்கரங்கள் உருளாமல் கட்டை கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் டிரெய்லரின் முன் கால்களைத் தரையில் ஊன்றி, டிரக்கைக் கழற்றி, கைப்பிடியைச் சுற்றி முன் பின் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் கழற்றிய டிரக்கைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட நேரிடும். வேலையில் இருந்த காலமெல்லாம் இப்படி வழிமுறைகளை எழுதிக் கொடுத்து, மற்றவர்கள் அவற்றைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பழக்கம் விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு ஃபோனில் ஏதாவது ஆப் இருக்கிறதா என்றார். பிறகு மரியாதைக்காக, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றும் கேட்டார். அப்பாவிடம் என்றேன். அது முழு உண்மை இல்லை. அப்பா எனக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு கோடைக்காலம் பூராவும் அதற்கு நேர் எதிராகவே செய்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டெக்சஸ் கடற்கரை ஓரம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆலைகளில் பெரிய இயந்திரங்களுக்கு அடித்தளம் போடும் வேலை அப்பாவுக்கு. கான்கிரீட் மேடை ஒரு நூல் சரிந்தாலும் அதன் மேல் சுழலும் இயந்திரம் தன்னைத்தானே தின்றுவிடும் என்பார். ஒரு வேலை முடிந்தால் அடுத்த ஊர். அதனால் வீட்டையே வண்டியாக வாங்கிவிட்டார். பழைய டிரெய்லர், அதை இழுக்க அதைவிடப் பழைய டிரக். அந்த ஊர்களில் இப்படி வீட்டுவண்டிகளை வரிசையாக நிறுத்திக் குடியிருக்கும் டிரெய்லர் பார்க்குகளில் புடவை கட்டிய ஒரே ஆள் அம்மாதான்.

அப்பாவிடம் சென்னையிலிருந்து கொண்டுவந்த ரசமட்டம் ஒன்று இருந்தது. தேக்குக் கட்டை, இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் திரவம், அதில் ஒரு குமிழி. ஒவ்வொரு புது இடத்திலும் அதைத் தரையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று கத்திச் சொல்வது என் வேலை. அப்பா டிரக்கில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். குமிழி நடுவில் வந்ததும் நான் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்துவேன். எங்கள் ஃபிரிட்ஜ் கேஸ் சுடரில் ஓடும் பழைய ரகம். வண்டி மட்டமாக இல்லாவிட்டால் அது குளிராது. பால், தயிர், ஆரஞ்சுப் பொடியைக் கரைத்து நான் உறைய வைக்கும் ஐஸ் குச்சிகள் எல்லாமே அந்தக் குமிழியை நம்பித்தான் இருந்தன. உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அது பச்சைத் திரவத்தில் மிதக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்தக் கோடையில் ஓர் ஓடைக்கரை பார்க்குக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வரும் வழியிலேயே உதிரம் பட்டிருக்கிறது. குழந்தை தங்க வேண்டுமென்றால் எழுந்து நடமாடக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் பெரியவளான பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது, அம்மாவுக்கு முதுகு வலி.

முதுகு வலிக்காரியை அப்பா தூக்கிக்கொண்டுபோய் ஒரு பீக்கன் மரத்தடியில் மடக்கு நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார். பிறகு பலகைகளை எடுத்துவந்து டிரெய்லரின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னால் போட்டார்.

ஒரு பக்கம் உயர்த்தத்தானே பலகை, இரண்டு பக்கமும் போட்டால் என்ன பிரயோசனம் என்று கேட்டேன்.  அப்பா மண்வெட்டியை எடுத்து, டிரக்கின் பின் சக்கரங்கள் வந்து நிற்கப்போகும் இடத்தில் இரண்டு பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். டெக்சஸ் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஒரு இன்ஜினியர் டிரக்குக்குக் குழி வெட்டுவதை, எதிர் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் ஐஸ் டீயை மறந்து பார்த்தார்கள்.

டிரக்கை முன்னால் நகர்த்தினார். டிரெய்லரின் சக்கரங்கள் பலகையில் ஏறின. அதே நேரம் டிரக்கின் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கியது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த டிரெய்லரின் கழுத்தும் கூடவே இறங்கியது. நான் உள்ளே ரசமட்டத்தை முதலில் குறுக்கே வைத்தேன். குமிழி அசையாமல் நட்ட நடுவில் நின்றது. திருப்பி நீளவாக்கில் வைத்தேன். குமிழி பின்சுவரைப் பார்க்க ஓடி, குழாயின் முனையில் ஒட்டிக்கொண்டது.

நான் கத்தினேன். அப்பா வந்து குனிந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். சரிசெய்யப் போகிறார் என்று நினைத்தேன். போய் இன்னொரு பலகையைச் செருகி இன்னும் ஏற்றினார்.

பிறகு போதும் என்று சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். முன் கால்களை ஊன்றவில்லை. டிரக்கைக் கழற்றவில்லை.

"அப்பா, டிரக்கு?"

"இருக்கட்டும். மாட்டியிருந்தா வண்டி ஆடாது."

அவ்வளவுதான் விளக்கம். நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவார் என்று யோசித்தேன். மறுநாள் அவரோடு வேலை செய்யும் ஒருவரின் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து தினமும் வந்தது.

எங்கள் வாழ்க்கை முன்பக்கமாகச் சரிந்தது. சமையல் இப்போது அப்பாவுடையது. தோசைக்கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடி, எல்லாத் தோசையும் ஏதோ ஒரு நாட்டின் வரைபடமாக வந்தது. தட்டில் சாம்பார் ஒரு ஓரத்தில் குளம் கட்டியது. கைதவறிக் கொட்டிய பச்சைப் பட்டாணி ஒன்று விடாமல் உருண்டோடிப் முன்பக்கப் படுக்கைக்கு ஏறும் படியின் அடியில் போய்ச் சேர்ந்தது. ஃபிரிட்ஜ் இரண்டாம் நாளே வெறும் அலமாரி ஆனது. பால் திரிந்தது, தயிர் வாயில் வைக்க முடியாமல் புளித்தது, என் ஐஸ் குச்சிகள் ஆரஞ்சு வெந்நீராயின. மட்டம் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் ஓடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர், ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியை வாங்கிப் போட்டுப் பாலை அதற்குள் வைத்தார். 

டிரக்கின் மேல் ஏறி நிற்கும் முன்பகுதியில்தான் படுக்கை. தலைமாட்டில் சின்ன ஜன்னல். அம்மா நாள் முழுக்க அங்கேயே. தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, முகம் இரத்தம் ஏறிச் சிவந்து கிடந்தாள். நான் காலையும் மாலையும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து அறிக்கை கொடுப்பேன். குமிழி இன்னும் பின்சுவரில்தான் இருக்கிறது என்பேன்.

"ஏண்டி, அதைக் கொஞ்ச நாள் தூங்க விடேன்" என்பாள் அம்மா. "இங்க நானே வவ்வால் மாதிரி தொங்கிட்டிருக்கேன். நீ வேற குமிழியைத் தேடிட்டு வர்றே."

அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். முதுகு வலிக்கு எதற்குத் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்று மட்டும் விளங்கவில்லை.

பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதி. கணவர் பட்டாளத்தில் டிரக் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வழக்கப்படி நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். எந்த வகையில் தான் எனக்கு உறவு என்று அவர் முதல் நாள் சற்றுக் குழம்பிவிட்டு, பிறகு அதை ஏற்றுக்கொண்டார். அவருடைய டிரெய்லர் வரைபலகையில் கோடு போட்டதுபோல நிற்கும். மேஜை மேல் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கிளாஸ் ஒன்றை வைத்திருப்பார், வருகிறவர்களுக்குக் காட்ட. எங்கள் வண்டி அவர் ஜன்னலுக்கு நேரே மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்பது அவருக்கு என்ன செய்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு அடுத்தவர் சரிவு பல்வலி மாதிரி.

ஒரு வாரம் தாங்கினார். சனிக்கிழமை மதியம், அம்மாவைக் காற்றாட மரத்தடி நாற்காலிக்கு அப்பா தூக்கி வந்திருந்த நேரம் பார்த்து, தன் ரசமட்டத்தோடு வந்தார். அப்பாவின் தோளில் கை போட்டு, தம்பி, இந்த வண்டி எனக்கும் முதலில் பிடிபடவில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிற தோரணையில் ஆரம்பித்தார். குமிழி என்றால் என்ன, அது எந்தப் பக்கம் ஓடினால் எந்தப் பக்கம் உயரம், எல்லாம் விளக்கினார். எதிர் வரிசைக்காரர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தெரியாது, இப்போதுதான் புரிந்தது, மிகவும் நன்றி என்று இங்கிலீஷில் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. அப்பாவின் கான்கிரீட் மேடைகளை அளந்து பார்க்கக் கம்பெனி வேறு ஊரிலிருந்து ஆட்களை வரவழைக்கும். அவர்கள் வந்து பார்த்துவிட்டு குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போவார்கள். அந்த அப்பா, குமிழி என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு நிற்கிறார். நான் உள்ளே ஓடி எங்கள் ரசமட்டத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டேன். அப்பா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பட்டாளத்துக்காரர் தானே எங்கள் டிரக்கில் ஏறிப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்து, பள்ளத்தை மூடச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் பலகை, அவர் சொன்ன அளவுக்கு உயரம். அரை மணி நேரத்தில் குமிழி இரண்டு வாக்கிலும் நடுவில் நின்றது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பி, பட்டாளத்துக்காரர் தன் மனைவியோடு கடைக்குக் கிளம்பிப் போனதும், அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

பள்ளத்தை மறுபடி வெட்டி, டிரக்கை மறுபடி இறக்கி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார். நான் என் பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பேசினார்கள்.

"அவர்கிட்ட சொல்லிட்டாத்தான் என்ன?" என்றாள் அம்மா.

"என்னன்னு சொல்றது?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேணாம். ஊருக்கே இன்னும் எழுதலை. கண்ணு பட்ட மாதிரி ஆயிடும்." பிறகு, "ஆனா அந்த மனுஷன் உங்களை ஒண்ணும் தெரியாத ஆளுன்னு நினைச்சுட்டாருங்க."

"நினைச்சிட்டுப் போகட்டும். உனக்குத் தலையணை சரியா இருக்கா?"

எதை எழுதவில்லை, எதன் மேல் கண் படும் என்று நான் படுத்தபடியே யோசித்தேன். எங்களிடம் கண் படும்படி இருந்தது அந்தப் பழைய டிரக்கும் சரிந்த டிரெய்லரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாளத்துக்காரர் வெளியே வந்தார். எங்கள் வண்டியைப் பார்த்தார். கையில் இருந்த காபியைப் புல்லில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அப்பாவைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார், பேச மாட்டார். என்னைப் பார்க்கும்போது மட்டும் பாவம் என்பதுபோல ஒரு பார்வை.

சில நாள் கழித்து அவர் மனைவி ஒரு பாத்திரத்தில் சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, அப்பா இல்லாத நேரத்தில் வந்தார். ஆறு பிள்ளை பெற்றவர். உள்ளே வந்து, படுக்கைப் படி வரை போய், அம்மா கிடந்த கிடையைப் பார்த்தார். ரொட்டியை வைத்துவிட்டு அம்மாவின் பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.  அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை நடந்ததுதான் என்னை முழுதாகக் குழப்பியது. பட்டாளத்துக்காரர் தள்ளுவண்டியில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கனமான மரக்கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பாவிடம், அந்தப் பலகை ஒடிந்துவிடும், இதைப் போடு என்றார். அம்மாவை மரத்தடிக்குக் கொண்டுவந்த பிறகு இருவரும் சேர்ந்து டிரெய்லரை அந்தக் கட்டைகள் மேல் ஏற்றினார்கள். பின்பக்கம் முன்பைவிட உயர்ந்தது. கிளாஸில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பவர், முழங்காலிட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அப்பாவுக்குக் கை காட்டினார். பெரியவர்களுக்கு ஏதோ நோய் பரவுகிறது, அது அப்பாவிடமிருந்து அவருக்குத் தொற்றிவிட்டது என்றே நினைத்தேன். அன்றிலிருந்து அவருடைய நீளமான காரும் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்தே நின்றது.

பதினைந்து வயதில் சென்னைக்கு விடுமுறைக்குப் போனபோது, பிரசவத்துக்குச் சேர்த்திருந்த சித்தியைப் பார்க்க ஒரு நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். சித்திக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அவளுடைய கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. எதற்கு என்று சித்தியிடம் கேட்டேன். குழந்தை நழுவாம இருக்க, கால் பக்கம் உசரமா இருக்கணும்னு வைப்பாங்க என்றாள், ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்போல. நான் அந்தச் செங்கற்களைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் டிரெய்லரில் படுக்கை சுவரோடு ஆணி அடித்தது. அடியில் செங்கல் வைக்கக் கட்டிலுக்குக் கால் கிடையாது. மெத்தைக்கு அடியில் பெட்டிகளைச் செருகிப் பார்த்தார்களாம், நடுவில் மடங்கி அம்மா சறுக்கி வந்திருக்கிறாள். அதனால் அப்பா வீட்டுக்கே செங்கல் வைத்துவிட்டார்.

இப்படிப் படுப்பதால் பலன் ஒன்றும் இல்லை என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அதையும் படித்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குச் செங்கல் என்ன செய்ததோ தெரியாது. எங்கள் கட்டைகள் எதையும் தடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, பக்கத்து ஆன்ட்டியை வரச் சொல்லு என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நீளமான காரின் பின்பகுதியில் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு வேலையிடத்துக்கு ஃபோன் போயிற்று. நான் ஆன்ட்டியோடு அவர்கள் டிரெய்லரில் இருந்தேன். எல்லாம் மட்டமாக இருந்தது. அவர்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் குச்சிகள் கல்லாக உறைந்திருந்தன. கேட்டபோதெல்லாம் ஆன்ட்டி எடுத்துக் கொடுத்தார். முதுகு வலி நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அப்பா மட்டும் திரும்பி வந்தார். சவரம் செய்யவில்லை. அம்மா நாளைக்கு வந்துவிடுவாள் என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

டிரக்கைப் பின்னால் தள்ளி, டிரெய்லரைக் கட்டைகளிலிருந்து இறக்கினார். பட்டாளத்துக்காரர் வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தள்ளுவண்டியில் வைத்தார். அப்பா பள்ளங்களை மூடிக் காலால் மிதித்துச் சமன் செய்தார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். முன் கால்களை ஊன்றினார். டிரக்கைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கைப்பிடியைச் சுற்றினார். ஒன்று விடாமல், வரிசை மாறாமல், எனக்குக் கற்றுக்கொடுத்த அதே முறை. அவர் கேட்காமலே நான் ரசமட்டத்தோடு உள்ளே ஓடினேன். குறுக்கே வைத்தேன். நீளவாக்கில் வைத்தேன். குமிழி மெதுவாக மிதந்து வந்து நட்ட நடுவில் நின்றது.

"அப்பா, நடுவுல நிக்குது! வந்து பாருங்க!"

அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். அந்தக் குமிழியில் அவ்வளவு நேரம் பார்க்க எதுவும் இல்லை.

"ஆமாம்மா. சரியா இருக்கு" என்றார்.

ஃபிரிட்ஜின் சுடரை ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் ஆரஞ்சுப் பொடியைக் கரைத்து அச்சில் ஊற்றி, அம்மாவுக்கு என்று ஒன்றைத் தனியாக ஓரத்தில் வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வாசல் படியில் அப்பாவும் பட்டாளத்துக்காரரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, மூடிய பள்ளங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.  கடைசியில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த திருப்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.